மடுவான் ஏரியில் வாழுமா? மணலாற்று நாடு பற்றிய இழை

வாசகர் கேள்வி: "60 அடி நீளம், 80 டன் எடை, யாரையும் ஒன்றும் செய்யாத நீர்ப்பிராணி என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு பெரிய உடம்பு கடலில்தான் பிழைக்கும். நம்ம வேலூர்ப் பக்கத்து ஏரி மாதிரி ஒன்றில் விட்டால் பட்டினியில் செத்துப்போகும். மந்திரம் என்று சொல்லி முடித்துவிடுவீர்களா?"

மே 6, இரவு

மந்திரம் கிடையாது. என் கதையின் மணலாற்று நாட்டில் மந்திரவாதிகள் உண்டு, இரண்டு நிலா உண்டு. ஆனால் மடுவான் விஷயத்தில் மந்திரத்தைத் தொடுவதில்லை என்று முதல் அத்தியாயம் எழுதும்போதே முடிவு செய்துவிட்டேன். அது தின்ன வேண்டும், மூச்சு விட வேண்டும், கோடையைத் தாண்ட வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அதன் சாதுத்தனத்தை யார் நம்புவார்கள்?

முதலில் தீனி. ஒரு யானை 5 டன், நாளைக்குச் சுமார் 150 கிலோ தழை தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடுவான் எடை 16 யானை. அதற்காகப் 16 யானையின் தீனி தேவையில்லை. உடம்பு பெருக்கப் பெருக்க, கிலோவுக்கு ஆகும் தீனி குறைந்துகொண்டே வரும். எடை 16 மடங்கானால் தீனி ஏறக்குறைய 8 மடங்குதான். அதாவது 1200 கிலோ. இது வெப்ப ரத்தப் பிராணிக்கான கணக்கு. மடுவான் முதலை, ஆமை போலக் குளிர் ரத்தம். அதே எடையுள்ள வெப்ப ரத்தப் பிராணி தின்பதில் பத்தில் ஒரு பங்கு போதும். 120 கிலோ பாசியும் கோரையும். ஒரு யானை தின்பதைவிடக் குறைவு!

காவேரிப்பாக்கம் ஏரி 4000 ஏக்கருக்குப் பக்கம் வரும். நிரம்பினால் 30 அடி ஆழம். மடுவானின் உயரம் 7 அடி. அங்கே அது பட்டினி கிடக்காது, முதுகும் வெளியே தெரியாது. என் கதையில் வரும் ஏழு ஏரிகளில் மூன்றாவதை அந்த ஏரியை மனதில் வைத்துத்தான் வரைந்தேன்.

மே 7

அடுத்தது மூச்சு. வெயில் ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். நம்ம ஊர்க் கத்திரியில் ஆழம் குறைந்த ஏரித் தண்ணீர் எப்படிச் சுடும் என்று இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் செவுளை நம்பி 80 டன் உடம்பு அதில் இருக்க முடியாது. ஆகவே மடுவான் விரால் வழியில் போகிறது. விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அறை உண்டு. மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும் மீன் அது.

மடுவான் மூச்சுக்கு மேலே வரும் இடத்தில் அல்லி இலைகள் ஒரு வட்டமாக விலகிக் கொடுக்கும். கரையில் துவைக்கிறவர்கள் அதைப் பார்த்து நேரம் சொல்வார்கள்.

மே 7, பின்னிரவு

ஆம்பூர் பிரியாணி போட்டால் தின்னுமா என்று கேட்ட தம்பிக்கு: தின்னாது. அது முழு சைவம், மீன்கூடத் தொடாது. உன் பங்கை நீயே சாப்பிடு.

மே 11

கோடைதான் உண்மையான சிக்கல். குடியாத்தத்து அக்கா சரியான இடத்தில் பிடித்தார்கள்: "ஏரி காஞ்சி பூட்டா அது இன்னா பண்ணும்?"

வற்றிய ஏரியில் விரால் தோண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேலே சேறு பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு வெடிப்பின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கடப்பாரையால் நெம்பினால் உள்ளே சேறு இன்னும் குழைவாக, கரும்பச்சையாக இருக்கும். அதற்குள் விரால், உடம்பு முழுக்கக் கோழை பூசி, வாயை மேலே வைத்துக்கொண்டு கிடக்கும். கையில் எடுத்தால் ஒரே ஒரு முறை வளையும், அவ்வளவுதான். ஆப்பிரிக்காவில் நுரையீரல் மீன் என்று ஒன்று, சேற்றுக்குள் தன் கோழையாலேயே உறை செய்துகொண்டு வருஷக்கணக்கில் கிடக்கிறது. மடுவானும் அப்படியே படுத்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் எடை? கரை ஒதுங்கிய திமிங்கிலத்தை அதன் எடையே நசுக்குகிறது. நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு, அதைத் தாங்கும் எலும்பின் குறுக்களவோ நான்கே மடங்கு. தண்ணீர் தாங்கும் வரைதான் பெரிய உடம்பு ஒரு வரம். வற்றிய ஏரியின் காய்ந்த தரையில் மடுவானுக்கு ஒரு நாள்கூடத் தாங்காது.

அதனால் ஏரியை விட்டு ஆற்றுக்குப் போக வேண்டும். தண்ணீர் ஓடாத ஆற்றுக்கு.

மே 12

பாலாற்றுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நந்தி மலையில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் சேருகிற ஆறு. 348 கிலோமீட்டரில் 222 தமிழ்நாட்டில். வருஷத்தில் பெரும்பாலான நாள் மேலே பார்த்தால் வெறும் மணல். தண்ணீர் மணலுக்குக் கீழே நடக்கும்.

சின்ன வயதில் அம்மாவோடு ஆற்றில் ஊற்றுத் தோண்டியிருக்கிறேன். மேல் மணல் காலைச் சுடும். இரண்டு கையாலும் வாரிப் போட்டால் முழங்கை ஆழத்தில் நிறம் மாறும். ஓரம் சரிந்து சரிந்து விழும், விழ விழ வாரிப் போட வேண்டும். அப்புறம் அடியில் கலங்கலாக ஒரு கசிவு வரும். அதைக் கொட்டாங்குச்சியால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அடுத்து வரும் தண்ணீரில் ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரியும்.

மடுவானின் கோடை வீடு இந்த மணல்தான். கீழிருந்து நீர் மேல்நோக்கித் தள்ளும் இடத்தில் மணல் கெட்டியாக நிற்காது, கூழாக இளகிவிடும். அந்த இளகிய மணல் 80 டன்னைத் தாங்கும். மாசிக் கடைசியில், ஆற்றிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் வழியாக ஆற்றுக்குப் போய், ஊற்றுக்கண் இருக்கும் மடுவில் படுத்துக்கொள்ளும். மூக்கு மட்டும் வெளியே.

மே 13

"மூக்கு மட்டும் வெளியே இருக்க முடியாது" என்று காட்பாடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டுமான வேலையில் இருப்பவராம். நீர் நிறைந்த மணல் தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், உயிருள்ள உடம்பு தண்ணீர் அளவுதான் கனம், ஆகவே புதைமணலில் மடுவான் பாதிக்கு மேல் மூழ்கவே மூழ்காது என்கிறார். என்ன அருமையான கணக்கு! அப்படியானால் மூன்றரை அடி முதுகு வெளியே நிற்கும். வெயில் தோலைப் பொசுக்கும்.

இதை யோசிக்க யோசிக்கக் கதை நன்றாகிக்கொண்டே போகிறது. முதுகின் கோழையில் மணல் ஒட்டி, காய்ந்து, மேலும் ஒட்டி, தடித்த ஓடாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆற்று நடுவில் ஒரு திட்டு. மேலே நாணல்கூட முளைக்கலாம். வெளியூர் வணிகன் ஒருவன் அந்தத் திட்டில் இரவு படுத்துத் தூங்கி, கீழே ஏதோ மெதுவாக ஏறி இறங்குவதை உணரும் அத்தியாயம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கப் போகிறது. அந்த நண்பருக்கு என் வணக்கம்.

மே 13, மாலை

மேலே எழுதியதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. மடுவானைக் கொல்ல ஈட்டி தேவையில்லை. மணலை அள்ளினால் போதும். மணல் போனால் நீர்மட்டம் இறங்கும், இளகிய மணல் கெட்டிப்படும், அதன் எடை அதன் மேலேயே இறங்கும். சத்தம் வராது, ரத்தம் வராது. ஐப்பசியில் மழை வந்தபின் அது எழுந்து வராதபோதுதான் ஊருக்குத் தெரியும்.

பாலாற்றில் மணல் எப்படிப் போனது என்று நம் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் ஊற்றுத் தோண்டிய இடத்தில் இன்று களிமண் தட்டுகிறது, சீமைக்கருவேலம் நிற்கிறது. இந்தக் கதையை எழுதத் தூண்டியதே அந்த இடம்தான்.

மே 29

சாதுத்தனம் பற்றி. "குளிர் ரத்தம், மெதுவான உடம்பு, அதனால் சாது" என்று நான் முன்பு எழுதிய குறிப்பை வைத்து ஒருவர் கேட்டிருக்கிறார்: முதலையும் குளிர் ரத்தம்தானே? நம்ம வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலைகளை விட்டு வைத்திருந்தார்கள் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம். 16ஆம் நூற்றாண்டில் கட்டின கோட்டை. தண்ணீரும் முதலையும் சேர்ந்து அதற்குக் காவல்.

கேள்வி நியாயம். மெதுவாக இருப்பது வேறு, சாதுவாக இருப்பது வேறு. எருமை மெதுவாகத்தான் நடக்கும், முட்டினால் குடல் சரியும். ஆகவே மடுவானுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. ரொம்ப நாள் பிடித்தது. இப்போது எனக்குப் பிடிபட்டிருப்பது இது.

வண்டல் கலந்த ஏரித் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. மீன்களுக்கு உடம்பின் இருபக்கமும் ஓர் உணர்வுக் கோடு உண்டு. தண்ணீரின் சின்ன அசைவையும் அதில் வாங்கிக்கொள்ளும். மடுவானுக்கு அந்தக் கோடு 60 அடி நீளம். கெண்டை திரும்புவது, தவளை குதிப்பது, மதகில் நீர் இழுப்பது எல்லாம் அதில் பதியும். சத்தமும் தண்ணீரில் நொடிக்கு 1500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைவிட நாலு மடங்குக்கு மேல். ஆனால் அது தானே வேகமாக வாலை அடித்தால்? அந்தக் கலக்கல் எல்லாவற்றையும் அழித்துவிடும். 80 டன் கிளப்பும் அலை ஏரி முழுக்கப் போய்க் கரையில் மோதித் திரும்பி வந்து அடங்கும் வரை அதற்கு ஒன்றுமே தெரியாது.

ஆக அதற்கு நிதானம்தான் பார்வை. ஆயிரக்கணக்கான தலைமுறை அப்படி நிதானமாகப் பழகிய உடம்பு, பக்கத்தில் குளிக்கும் குழந்தையின் கால்களையும் அறிந்து வைத்திருக்கிறது. எந்தக் குழந்தை புதிது, எந்தக் குழந்தைக்கு நீச்சல் தெரியாது என்பதுவரை. திரும்பும்போது வாலை அந்தப் பக்கம் கொண்டுவராது.

மே 30

ஒரே வரியில் சேர்த்துவிடுகிறேன்: அதற்குப் பயம் தெரியும். இடி இடிக்கும்போது அடிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 17

"சாதுவை வைத்துக் கதை எழுதினால் கடைசியில் யாராவது அடித்துத் தின்றுவிட்டார்கள் என்றுதான் முடியும், உலகம் அப்படி" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். உலகத்தில் அப்படி நடந்திருக்கிறது, மறுக்க முடியாது. வட பசிபிக்கில் ஸ்டெல்லர் கடற்பசு என்று ஒன்று இருந்தது. எட்டு மீட்டருக்கு மேல் வளரும், கடற்பாசி தின்னும். 1741இல் கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள் பார்த்து எழுதினார்கள். ஒன்றைக் கொக்கி போட்டு இழுத்தால் மற்றவை அதை விடுவிக்க நெருங்கி வந்தன என்று அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. 1768க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 27 வருஷம். அதன் கறியைத் தின்றார்கள், தோலைப் படகுக்குப் போர்த்தினார்கள்.

தோல் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். எங்கள் அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தூக்கிய தோலைக் கட்டைவிரலால் அழுத்தி, எத்தனை நாள் ஊறியது என்று சொல்லிவிடுவார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்தையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் எத்தனை வீட்டு அடுப்பு தோலால் எரிகிறது என்பதும் தெரியும், அந்தக் கழிவு பாலாற்றுக் கிணறுகளை என்ன செய்தது என்பதும் தெரியும். ஆகவே மணலாற்று நாட்டிலும் ஒரு தோலூர் இருக்கும். 60 அடித் தோலைப் பார்த்து அந்த ஊர் என்ன நினைக்கும் என்பதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் நான் பொய் எழுதுகிறேன் என்று அர்த்தம். தோலூர்க்காரர்களை வில்லனாகவும் எழுத மாட்டேன்.

ஜூன் 18

யோசனை ஒன்று: மழை வந்து மடுவான் எழும்போது முதுகில் படிந்த அந்த மணல் ஓட்டையும் மேல்தோலையும் உரித்துப் போட்டுவிட்டுப் போகட்டும். தோலூர் அதை எடுத்துக்கொள்ளட்டும். கொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

ஜூன் 24

மேலே சொன்ன யோசனையை எடுத்துவிட்டேன். அணைக்கட்டுப் பக்கத்து ஆசிரியை ஒருவரின் கேள்விதான் காரணம்: "தோல் தருவதால் காப்பாற்றினார்கள் என்றால், தராத வருஷம் என்ன செய்வார்கள்?"

மடுவான் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. பால் தராது, தோல் தராது, வரம் தராது, மழையையும் கூட்டி வராது. அதற்குத் தண்ணீரும் மணலும் வேண்டும், ஊருக்கும் அதே தண்ணீரும் மணலும் வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இதற்கு மேல் ஓர் ஒப்பந்தம் அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோலூர்ப் பெண் ஒருத்தி ஊற்றுத் தோண்ட வந்து, அந்த மணல் திட்டைத் தொட்டு, அப்பாவிடம் கற்ற கைப்பழக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். உயிருள்ள தோல் என்று அவள் கைக்குத் தெரிகிறது. ஊரில் போய்ச் சொல்லாமல் இருக்கிறாள். கதையின் முதுகெலும்பு இனி அவள்தான்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் பெருக்கு இல்லை. குழாயடியில் கும்பிட்டோம்.

வரத்துக்காலின் அகலம் என்ன என்று பலர் கேட்கிறீர்கள். 24 அடி. மடுவானின் அகலம் 15, அது துடுப்பை விரிக்க இன்னும் கொஞ்சம். பழைய கோயில்களின் அடித்தளத்தில் நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மணலாற்று நாட்டில் ஒவ்வொரு ஏரிக்கரைக் கோயிலிலும் அப்படி 24 அடிக்கு ஒரு கோடு உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை கயிறு பிடித்து அளப்பார்கள். நெருக்கிக் கட்டியவன் எவனாக இருந்தாலும் இடித்துத்தான் ஆக வேண்டும். நம் ஏரிகளுக்குத் தண்ணீர் வராமல் போனதே வரத்துக்கால் போனதால்தான் என்பதால் இந்த ஒரு சட்டத்தை அந்த நாட்டுக்கு மனதாரக் கொடுத்தேன்.

ஏரிகளின் வயதும் கேட்டார்கள். மகேந்திரவாடியில் பல்லவ மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இருக்கிறது, அதன் கல்வெட்டிலேயே மகேந்திர தடாகம் வருகிறது. 7ஆம் நூற்றாண்டு. என் மூன்றாவது ஏரிக்கும் அந்த வயதுதான். மடுவானுக்கு 400 வருஷ ஆயுள் என்றால் அந்த ஏரி நாலாவது மடுவானைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 21

வேலப்பாடித் தம்பி விடாமல் கேட்கிறான்: மடுவானைக் கோட்டை அகழியில் விடக்கூடாதா? முதலில் வேண்டவே வேண்டாம் என்றேன். அகழியில் இருக்கும் பிராணி ஒன்று காவல், இல்லை கைதி. மடுவான் இரண்டும் இல்லை. ஆனால் ஓர் அரசனுக்கு அந்த ஆசை வரத்தானே செய்யும்? எதிரி பார்த்தால் நடுங்குவான் என்று குட்டி ஒன்றைப் பிடித்து அகழியில் விடுகிறான். குட்டி என்றால் 12 அடி. எதிரிகள் வருகிறார்கள். அது அவர்களின் படகைச் சுற்றி வந்து அடியை முகர்ந்து பார்க்கிறது. ஒருவன் தவறி விழுகிறான், முதுகில் வாங்கிப் படிக்கட்டில் விடுகிறது. அரசனுக்குக் கோபம், தீனியை நிறுத்துகிறான். இதை எழுதும்போது மனம் தாங்கவில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் நீட்டவும் மாட்டேன்.

நவம்பர் 14

நாலு நாளாக மழை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனது ஞாபகம் வருகிறது. 1903க்குப் பிறகு இப்படியொரு வெள்ளம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். வேலூர்ப் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். சிவப்புத் தண்ணீர், கரைக்குக் கரை. பக்கத்தில் நின்ற கிழவி "ஆத்தா வந்துகினு கீறா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மணலுக்கு அடியில் படுத்திருக்கும் ஒரு பெரிய உயிருக்கு அந்த முதல் அலை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன். மேலே முதுகில் ஓடு ஈரமாகி இளகுவது, பக்கவாட்டில் மணல் கரைவது, வால் முதலில் விடுபடுவது. எழுத்தில் இன்னும் அது சரியாக வரவில்லை, பல தடவை எழுதி அடித்துவிட்டேன். மழை விடும் முன் மறுபடி உட்கார வேண்டும்.

நவம்பர் 15

அகழியில் விட்ட குட்டி எப்படி வெளியே வரும் என்று எல்லோரும் கேட்டுவிட்டீர்கள். அதே 2021 மழையில் வேலூர்க் கோட்டை அகழி நிரம்பி, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வழிதான். அரசனின் அகழி பொங்கிக் கோயில் பிராகாரத்துக்குள் வருகிறது, குட்டியும் கூடவே வருகிறது. யாளித் தூண்களுக்கு நடுவே, ஒரு தூணையும் இடிக்காமல், வாலைச் சுருக்கிக்கொண்டு நீந்துகிறது. கும்பிட வந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். அரசனும் நிற்கிறான். குட்டி அவனிடமும் போகிறது, மற்ற எல்லோரையும் அறிவதுபோல அவன் காலையும் அறிந்துகொண்டு விலகுகிறது.

இதற்கப்புறம் அரசன் மனம் மாறிவிட்டான் என்று எழுதச் சொல்கிறார்கள் சிலர். இல்லை, அவன் மாற மாட்டான். கதவைத் திறப்பவர்கள் கோயிலில் நின்ற ஜனங்கள். வடக்கு வாசலிலிருந்து ஏரிக்குப் போகும் 24 அடிக் கால்வாயில் அரசன் கட்டியிருந்த குதிரை லாயத்தை அன்றிரவே கையாலும் கடப்பாரையாலும் பிரிக்கிறார்கள், குதிரைகளை முன்னதாகவே மேட்டில் கட்டிவிட்டு. தோலூர்ப் பெண் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து அகலத்தை அளக்கிறாள். 22 அடி வருகிறது. இன்னும் இரண்டு அடி இடிக்க வேண்டும் என்கிறாள், இடிக்கிறார்கள். அடுத்த அத்தியாயம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும்.